ஆறடிப் பென்சில் ஏன் வளைகிறது? ராட்சத அலங்காரங்களில் வரும் கோளாறுகளும் திருத்தும் விதமும்

பாடசாலைக் கலைவிழா மேடைக்கு ஆறடிப் பென்சில், தைப்பொங்கலுக்கு இடுப்பளவு உயரப் பானை, பிறந்தநாளுக்குக் கதிரை அளவு டொபி, காலிமுகத்திடல் இறால் வடையை நாலடி அகலத்தில். பழைய பேப்பர், காட்போட் மட்டை, பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசை, கோதுமை மா, கொஞ்சம் கட்டுக்கம்பி இருந்தால் இவை எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யலாம். செய்முறைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பல, காற்று காய்ந்திருக்கும் ஊர்களில் எழுதப்பட்டவை. கடலை ஒட்டிய கொழும்பில் அதே முறையை அப்படியே பிடித்துக்கொண்டு போனால் பாதி வழியில் ஏதாவது ஒன்று கெடும். அதனால் கோளாறிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் பொருளில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். எது என்று பிடிபடவில்லையா, முதலில் ஈரத்தைச் சந்தேகியுங்கள். வளைவு, வெடிப்பு, பூஞ்சணம், உரியும் பெயிண்ட் என்று வெவ்வேறாகத் தெரிபவை பலவும் காயாத கடதாசியில்தான் போய் முடியும்.

நாட்கணக்காகியும் காயவில்லை

மேலே காய்ந்த மாதிரி இருக்கும். உள்ளே என்ன நிலை என்று தெரிய வேண்டுமானால் கன்னத்தை வைத்துப் பாருங்கள். காய்ந்த கடதாசி அறைச் சூட்டிலேயே இருக்கும். ஈரம் இருந்தால் சில்லென்று படும், ஏனென்றால் அந்த ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது. விரலால் தட்டியும் பார்க்கலாம். காய்ந்தது 'டொக்' என்று கேட்கும், ஈரமானது 'பொத்' என்று அமுங்கும்.

காரணம் பெரும்பாலும் அவசரம். நாலைந்து அடுக்கை ஒரே மூச்சில் ஒட்டிவிட்டால் வெளி அடுக்கு காய்ந்து மூடிக்கொள்ளும், உள் அடுக்குகளின் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். ஒரு தடவைக்கு இரண்டு அடுக்கு போதும். அது 'டொக்' என்று சொன்ன பிறகுதான் அடுத்தது. ஒவ்வொரு துண்டையும் பசையில் தோய்த்ததும் இரண்டு விரலுக்கிடையில் இழுத்து வழித்துவிடுங்கள். பசை சொட்டும் துண்டு அதிகம் ஒட்டாது, அதிக நேரம் காயும், அவ்வளவுதான். துண்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழிப்பதும் நல்லது, கிழிந்த ஓரம் அடுத்த துண்டோடு கலந்து போகும். பேப்பரை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே இழுத்தால் கோணும்.

அடுத்து பசையைப் பாருங்கள். மா பசையில் பூஞ்சணம் வராமலிருக்க உப்புப் போடச் சொல்லும் குறிப்பை எங்கும் காணலாம். கொழும்பில் அதைச் செய்ய வேண்டாம். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சமையலறை உப்புப் போத்தல் மழைக்காலத்தில் கசிவது இதனால்தான். இங்கே இரவிலும் விடியலிலும் 75ஐத் தாண்டுவது வழமை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலைப் பார்த்த வீடு என்றால் கேட்கவே வேண்டாம். உப்புப் போட்ட பானை பகலில் காயும், இரவில் மறுபடி நனையும், அப்படியே ஒரு வாரம் போய்விடும். ஏற்கெனவே உப்புப் போட்டு ஒட்டியாயிற்று என்றால், நல்ல வெயில் நாளில் முழுக்கக் காயவைத்து, அன்று பின்னேரமே இரண்டு பக்கமும் எமல்ஷன் பெயிண்ட் அடித்து மூடிவிடுங்கள். அதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது, தண்ணீருக்கு வெளியேற ஒரு பக்கம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பலூன் மேல், பொலித்தீன் சுற்றிய அச்சின் மேல், பார்சல் டேப் ஒட்டிய மட்டையின் மேல் ஒட்டினால் உள்பக்கம் அடைபட்டுவிடும். இரண்டு அடுக்கு நிலைத்ததும் பலூனை எடுத்துவிட்டு, அடியில் ஒரு கை போகும் அளவு துவாரம் வெட்டி, அதன் வழியாக ஃபேன் காற்றை உள்ளே விடுங்கள். தரையில் வைக்காமல் இரண்டு கதிரைக்கு நடுவே தடி போட்டு உயர்த்திவையுங்கள்.

வெயில் நல்லதுதான், ஆனால் உச்சி வெயில் ஒரு பக்கத்தை மட்டும் சடுதியாகக் காயவைத்து முறுக்கிவிடும். காலை வெயில், அப்புறம் நிழலில் ஃபேன், இருட்டு முன் வீட்டுக்குள். இது எப்போதும் சரியாக வரும் வரிசை.

நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். தைப்பொங்கலுக்குச் செய்பவர்களுக்கு ஜனவரியின் காய்ந்த நாட்கள் கைகொடுக்கும். வாணி விழாவுக்குச் செய்பவர்களுக்கு ஒக்டோபரின் பின்னேர இடிமழை எதிரே நிற்கும், வெசாக் கூடு கட்டுபவர்களுக்கு மே மாதப் பருவமழை. அந்த மாதங்களில் காய்வதற்கு இரண்டு மடங்கு நாள் ஒதுக்குங்கள், அல்லது மா பசையை விட்டுவிட்டுப் பைண்டர் கம்மும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒட்டுங்கள். அளவு கூடும்போது வேலை எவ்வளவு கூடும் என்பதையும் பலர் குறைத்தே எடைபோடுகிறார்கள். இரண்டடி உருண்டையை நாலடி ஆக்கினால் ஒட்ட வேண்டிய பரப்பு இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. பேப்பரும் பசையும் அதே கணக்கில் ஏறும்.

வாடை வருகிறது, கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி விழுகிறது

பூஞ்சணம். வெளியே மட்டும் என்றால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துத் தூரிகையால் தட்டி, அந்த இடத்தைச் சுரண்டி, முழுவதும் காயவிட்டுப் புது அடுக்கு ஒட்டலாம். உள்ளே இருந்து வாடை வந்தால் அதை வைத்திருக்க வேண்டாம். பெயிண்ட் அடித்து மறைத்தால் சில நாளில் புள்ளி மேலே வந்து நிற்கும், அதுவும் பிள்ளைகள் உட்காரும் மண்டபத்தில்.

மா பசையில் மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கம் உண்டு. பூச்சியும் பூஞ்சணமும் அண்டாது, உண்மைதான். ஆனால் அது நஞ்சு. பிள்ளைகள் தொடும் பொருளில் அதற்கு இடமே இல்லை. காய்ச்சிய பசையை அன்றன்றைக்குச் செய்து, மிஞ்சியதைக் கொட்டிவிடுவது போதுமான காவல். ஒரு கோப்பை மாவுக்கு ஐந்து கோப்பை தண்ணீர், கட்டி இல்லாமல் கரைத்து, கண்ணாடி போலத் தெளியும் வரை அடுப்பில் துழாவினால் சரி.

உருண்டையில் குழி விழுந்துவிட்டது

பலூன் சுருங்கியிருக்கிறது. பகல் சூட்டில் ஊதிய பலூன் இரவில் குளிர்ந்ததும் சிறுக்கும், ஈரக் கடதாசி அதோடு உள்ளே போகும். இன்னும் ஈரமாக இருந்தால் துவாரம் வெட்டி உள்ளிருந்து கையால் தள்ளி, கசக்கிய பேப்பரை அடைத்துக் காயவிடுங்கள். காய்ந்துவிட்டால் குழியைப் பேப்பர் கூழால் நிரப்புவதே சுலபம். இரண்டடிக்கு மேற்பட்ட உருண்டைக்குப் பலூனை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூங்கில் கீற்றையும் கட்டுக்கம்பியையும் வளைத்துக் கூடு கட்டுங்கள். வெசாக் கூடு கட்டத் தெரிந்த ஒருவர் உங்கள் ஒழுங்கையில் கட்டாயம் இருப்பார், அவரிடம் ஒரு பின்னேரம் பழகினால் பானையின் வயிறு எப்படி வரும் என்பது கையிலேயே தெரிந்துவிடும்.

பென்சில் நடுவில் வளைகிறது, பெட்டி உட்காருகிறது

காட்போட் மட்டையை வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் ஓடும். அந்த அலையின் குழாய்கள் போகும் திசையில்தான் மட்டைக்குப் பலம். குழாய்கள் நெடுக்காக, அதாவது பென்சிலின் நீளப்பாட்டுக்கு ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் ஒவ்வொரு அலையும் மடியக் காத்திருக்கும் கோடுதான். ஏற்கெனவே குறுக்காக வெட்டிவிட்டால், அதே அகலத்தில் இன்னொரு மட்டையை நெடுக்கு அலையாக உள்ளே ஒட்டுங்கள். ஈரமேறிய மட்டை எந்தத் திசையிலும் தாங்காது என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாலடிக்கு மேற்பட்ட எதற்கும் முதுகெலும்பு வேண்டும். புறக்கோட்டைத் துணிக்கடைகளில் துணி சுற்றி வரும் மட்டைக் குழாய் கேட்டால் பலர் சும்மாவே தருவார்கள். அதை நடுவில் விட்டு, அடிக்கொரு மட்டை வட்டம் செருகி, அந்த வட்டங்களின் மேல் வெளித்தோலை ஒட்டினால் பென்சிலும் வளையாது, கரும்பும் வளையாது. குழாய்கள் குட்டையாக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று போகும் இரண்டைத் தேடி ஓரடியாவது உட்செருகுங்கள். முனையோடு முனை வைத்து டேப் சுற்றினால் அந்த மூட்டிலேயே முறியும்.

ரிஜிபோம் உருகிக் குழியாகிறது

ஸ்ப்ரே பெயிண்ட், தின்னர் கலந்த பெயிண்ட், ரப்பர் வாடை அடிக்கும் செருப்புப் பசை: இவற்றில் உள்ள கரைப்பான் ரிஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகையைத் தின்றுவிடும். தண்ணீரில் கரையும் எமல்ஷனும் பைண்டர் கம்மும் மட்டும் பாவியுங்கள். ஸ்ப்ரேயின் மினுக்கம் கட்டாயம் வேண்டுமென்றால் முதலில் கடதாசி இரண்டு அடுக்கும் எமல்ஷன் இரண்டு கோட்டும் போட்டு இடைவெளியே இல்லாமல் மூடிவிட வேண்டும். குளூ கன்னின் சூடும் உருக்கும், முனையை நேரே வைக்காமல் மட்டையில் பசையை விட்டு, சில விநாடி ஆறவிட்டுப் பொருத்துங்கள். எதை வாங்கினாலும் வெட்டி எறியும் துண்டு ஒன்றில் தடவிப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

பெயிண்ட் வெடிக்கிறது, உரிகிறது, எழுத்து தெரிகிறது

செய்தித்தாள் எழுத்து நிழலாகத் தெரிந்தால் மேலே மேலே நிறம் அடிப்பதில் பயனில்லை. வெள்ளை எமல்ஷன் ஒரு கோட், காய்ந்ததும் இன்னொன்று, அதன் மேல்தான் நிறம். கடைசி அடுக்கை வெள்ளை டிமைத் தாளில் ஒட்டினால் இந்தப் பிரச்சினையே எழாது.

மெல்லிய வெடிப்புகள் வலைபோல விரிந்தால் பெயிண்ட் தடிப்பாக விழுந்திருக்கிறது. தகடாகக் கழன்று வந்தால் அடியில் ஈரம், முதல் தலைப்புக்குத் திரும்புங்கள். மட்டைத் தகடு ஒரு பக்கம் சுருண்டால் அந்தப் பக்கம் மட்டும் நனைந்து காய்ந்து இறுகியிருக்கிறது. பின்பக்கமும் அதே அளவு பெயிண்ட் அடித்துப் பாரம் வைத்துவிடுங்கள், நேராகிவிடும். கிரேப் பேப்பரின் சாயம் ஈரக் கையிலேயே கழரும். சிவப்புக் கிரேப்பை வெள்ளைப் பொருளுக்குப் பக்கத்தில் வைக்கும் முன் நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரிதாக இருக்கிறது, ஆனால் அந்தப் பொருள் மாதிரி இல்லை

எல்லாம் காய்ந்து, நிமிர்ந்து, பளபளக்கும். இருந்தும் பார்ப்பவர் 'இது என்ன?' என்று கேட்பார். மற்றக் கோளாறுகள் எல்லாம் கைவேலைக் கோளாறு. இது கண்ணில் வரும் கோளாறு. எனக்கு முக்கியமானதும் இதுதான், ஏனென்றால் ராட்சதப் பொருளைப் பார்த்து ஒரு பிள்ளை வாயைப் பிளப்பது அளவுக்காக மட்டுமல்ல. தன் கையில் தினமும் புரளும் அதே பொருள் அப்படியே வளர்ந்து நிற்கிறதே என்பதற்காக.

பென்சிலையே எடுத்துக்கொள்வோம். புதுப் பென்சில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் தடிப்பு, 17½ சென்டிமீட்டர் நீளம். தடிப்பைப் போல 25 மடங்கு நீளம். ஆறடிக்கு வளர்த்தால் தடிப்பு மூன்று அங்குலத்துக்குக் கிட்டத்தான் வரும், மேடையில் அது ஒரு கம்பு. அது போதாது என்று ஓரடித் தடிப்பாகச் செய்தால் தூண். தீர்வு, மாதிரியை மாற்றுவது. சீவிச் சீவிப் பாதியாகிப்போன பென்சிலை முன்னால் வைத்து அளவெடுங்கள். ஆறடி உயரத்துக்கு ஆறங்குலத் தடிப்பு இயல்பாகவே வரும். ஆறு பக்கம், ஒவ்வொன்றும் மூன்றரை அங்குலம், ஒட்டுவதற்கு ஓரங்குல மடிப்பு. மட்டையை முழுதாக வெட்டாமல் கத்தியின் முதுகால் கீறி மடியுங்கள்.

அப்புறம் சீவிய இடம். பெயிண்ட் முடிந்து மரம் தொடங்கும் கோட்டை நேராக வெட்டிவிட்டால் அது பென்சில் இல்லை, ரொக்கெட். உண்மைப் பென்சிலில் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் பெயிண்ட் நுனியை நோக்கி வளைந்து நீளும், ஆறு விளிம்பிலும் மரம் பின்னோக்கி ஏறும். அந்த ஆறு வளைவையும் வரைந்துவிட்டால் மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் அது பென்சில்தான்.

இறால் வடையில் வேறு சிக்கல். நாலங்குல வடையை நாலடி ஆக்கினால் 12 மடங்கு. எல்லாமே 12 மடங்கு ஆக வேண்டும். ஆனால் நம் கை வட்டத்தை மட்டும் பெருப்பித்துவிட்டு மேற்பரப்பைப் பழைய அளவிலேயே விட்டுவிடும். சின்னச் சின்னக் கடதாசி உருண்டை ஒட்டிய வடை, சீமெந்து பூசிய மாதிரித் தெரிவது அதனால்தான். அரை சென்டிமீட்டர் பருப்பு இப்போது ஆறு சென்டிமீட்டர். முட்டைத் தட்டின் குழிகளை வெட்டிக் கவிழ்த்து, சிலவற்றை நசுக்கி, சிலவற்றை அரைவாசி புதைத்து ஒட்டினால் உடைந்த பருப்பு அச்சொட்டாக வந்துவிடும். இறாலின் மீசைக்குக் கட்டுக்கம்பி போட்டால் காணவே காணாது, விரல் தடிப்பில் தும்புக் கயிறு எடுத்து, உள்ளே கம்பி விட்டு, மேலே டிசு சுற்றுங்கள். நிறம் ஒரே மண்ணிறமாக இருக்கக் கூடாது. எண்ணெயில் பொரிந்த வடையின் ஓரமும் மேடும் கறுக்கும், பள்ளம் மஞ்சளாகவே நிற்கும். முதலில் முழுவதும் மஞ்சள் அடித்து, மண்ணிறத்தில் தோய்த்துப் பிழிந்த பஞ்சை மேடுகளில் மட்டும் ஒற்றுங்கள். வார்னிஷையும் எல்லா இடமும் பூசாமல் திட்டுத் திட்டாக விடுங்கள், அதுதான் எண்ணெய்.

மடங்கு எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவது நல்ல பழக்கம். எழுத்தின் தடிப்பு, தையல் கோடு, மூடிக்கும் போத்தலுக்கும் இடையிலுள்ள இடைவெளி, எது வந்தாலும் அந்த எண்ணால் பெருக்கிவிட்டே தொடுங்கள்.

டொபியின் முறுக்கிய காது தொங்குகிறது

கடதாசி தன் பாரத்தையே தாங்கவில்லை. இரண்டு ஒயில் பேப்பருக்கு நடுவே மெல்லிய கட்டுக்கம்பியை விசிறியாக வைத்து ஒட்டி, அப்புறம் முறுக்குங்கள். பளபளப்புக்காகப் பொலித்தீனை நாட வேண்டாம். விழா அலங்காரத்துக்குப் பொலித்தீன் பாவிப்பது 2017இல் வந்த வர்த்தமானித் தடைகளிலேயே அடங்கும்.

கதவால் போகவில்லை, வழியில் கழன்றது

வீட்டுக் கதவு, மாடிப்படித் திருப்பம், லிஃப்ட், வான் வண்டியின் பின்கதவு, மண்டபக் கதவு. செய்யத் தொடங்கும் முன்பே இந்த ஐந்தையும் அளந்து, அதில் சிறியதை எழுதிவையுங்கள். அதைவிடப் பெரியது எதையும் இரண்டாகப் பிரியும்படி செய்ய வேண்டும். பானையைக் கழுத்தில் பிரிப்பது அழகு, வளையத்தால் மூட்டை மறைத்துவிடலாம்.

குளூ கன்னால் ஒட்டியது மட்டும் வழியில் கழன்றால் குற்றம் சூட்டில். வெயிலில் நிறுத்திய, கண்ணாடி மூடிய வானுக்குள் அந்தப் பசை மறுபடி இளகும். காலி வீதி நெரிசலில் அரை மணி நேரம் நின்றாலே போதும். பாரம் தாங்கும் மூட்டுகளைக் கம்பியாலோ நூலாலோ தைத்துவிட்டு, பசையைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றில் சாய்கிறது, தொங்கவிட்டது ஆடுகிறது

பெரிய பொருள் பாரமில்லாதது, ஆனால் காற்றுக்குப் பாய்மரம். திறந்த வெளியில் வைப்பதென்றால் அடியில் மணல் மூட்டை, பின்பக்கம் இரண்டு இழுகயிறு, இவை இல்லாமல் நிறுத்த வேண்டாம். தட்டையான வடையில் பின்புறம் சில துவாரம் விட்டாலும் காற்று ஊடுருவும். தொங்கவிடும்போது ஒற்றைக் கயிறு சுழலும், மூன்று இடத்தில் கட்டினால் நிற்கும். கயிற்றைக் கடதாசித் தோலில் கட்டாமல் உள்ளே இருக்கும் குழாயிலோ மூங்கிலிலோ கட்டுங்கள். பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே எதையும் தொங்கவிடவே வேண்டாம்.

குத்துவிளக்கு, கற்பூரத் தட்டு, பொங்கல் அடுப்பு இருக்கும் மேடையில் இந்தப் பொருட்களைச் சுவர்ப் பக்கம் தள்ளிவையுங்கள். காய்ந்த கடதாசி பற்றினால் நொடியில் ஓடும், ரிஜிபோம் கரும்புகையாக எரியும். உள்ளே வெளிச்சம் வேண்டுமானால் மின்கலத்தில் எரியும் எல்.ஈ.டி. மட்டும், சூடாகும் குமிழ் வேண்டாம்.

கொத்திய அடையாளம், கடித்த ஓட்டை, உள்ளே தண்ணீர்

மொட்டைமாடியில் காயவைத்ததைக் காகம் கொத்தும், இரவில் மா பசைக்குக் கரப்பானும் எலியும் வரும். மெல்லிய வலை போர்த்துங்கள், இரவில் மேசைமேல் ஏற்றுங்கள். பானை, கிண்ணம், கோப்பை எதுவானாலும் வெளியே கவிழ்த்தே வையுங்கள். ஒரு மழைக்குத் தண்ணீர் தேங்கினால் பானை கெடுவது ஒரு பக்கம், டெங்கு நுளம்புக்கு அது போதும். விழா முடிந்து மூலையில் போட்ட அலங்காரங்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

நாளை விழா, இன்று உடைந்துவிட்டது

புதிதாக ஈரப் பசை எதையும் தொட வேண்டாம், காயாது. உடைந்த இடத்துக்கு உள்ளே மட்டைத் துண்டு ஒன்றைக் குளூ கன்னால் ஒட்டிப் பிளவைச் சேருங்கள். வெளியே மாஸ்கிங் டேப், அதன் மேல் தண்ணீர் கலக்காத பைண்டர் கம்மில் டிசுக் கடதாசி ஒரே ஒரு அடுக்கு. ஹெயார் ட்ரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக் காயவையுங்கள். ரிஜிபோம் என்றால் சூடில்லாத காற்று மட்டும். முன்பு கலந்த பெயிண்டில் மிச்சம் எடுத்து வைத்திருந்தால் நிறம் சரியாகப் பொருந்தும். அதற்காகவே ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சிறு போத்தல் அளவு மூடிவைத்து, விழா நாளன்று தூரிகை, டேப், நூல், கத்தரிக்கோலோடு அதே பையில் கொண்டு போங்கள்.